மென்சியாவின் மௌனம்

மென்சியாவை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் ஆவிஸ், சதுப்புக்கு நடுவிலிருந்த அந்தக் கோட்டையில் சமையல்காரி. அவள் ஸ்பெயினிலிருந்து எஜமானியம்மாவோடு பதினைந்து வயதில் கப்பலேறி வந்தவள். முப்பத்து மூன்று வருஷம் இங்கிலாந்தில் தின்றும் என் ஆட்டுக்கறிச் சாறைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பாள்.

ராஜா வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அதுவரை ராணியாயிருந்த எஜமானியம்மாவை இங்கே அடைத்துவிட்டார். விஷம் வைப்பார்களோ என்று எஜமானியம்மாவுக்குப் பயம். அறைக் கணப்பிலேயே மென்சியா சமைப்பாள். மண்டியிட்டு, முதல் வாயைத் தானே தின்று காட்டுவாள். அப்புறம்தான் அவர் தொடுவார். என் சமையலுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்!

ஒருநாள் ஆணை வந்தது. இனி யாரும் அவரை ராணி என்று சொல்லக் கூடாது. அவர் முதலில் கட்டியது ராஜாவின் செத்துப்போன அண்ணனை; அதனால் ராஜாவோடு நடந்த கல்யாணம் செல்லாதாம், அவர் வெறும் விதவை இளவரசியாம். அப்படியே அழைப்பதாகச் சத்தியம் செய்யாதவர்கள் அன்றே வெளியேற வேண்டும். எஜமானியம்மாவோ, அப்படி அழைக்கிறவர் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றுவிட்டார்.

மென்சியா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தியம் பண்ணலேன்னா என்னைத் துரத்திடுவாங்க. வேற யார் கையாலயும் அவங்க சாப்பிடமாட்டாங்க. பண்ணிட்டு அப்படிக் கூப்பிட்டா, என் கையாலயும் சாப்பிடமாட்டாங்க. நான் என்னடி பண்ணுவேன்?"

"ஒரு நாளாவது வாயை மூடிட்டு இருந்திருக்கியா நீ?" என்று எரிந்து விழுந்தேன்.

அதையே பிடித்துக்கொண்டாள், பாவி. சத்தியம் செய்துவிட்டு மேலே போனாள். பட்டத்தைச் சொல்லாமல் எஜமானியிடம் பேச்செடுப்பது அவர்கள் வழக்கத்தில் பெரிய அவமரியாதையாம். அதனால் பேசவே இல்லை. மண்டியிட்டு, ஒரு வாய் தின்று, கிண்ணத்தை நீட்டினாள். இரண்டு நாள் எஜமானியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டார்.

காவலுக்கு இருந்த கிரிம்வுட் துரைக்குச் சந்தேகம். "எதுக்குடி அவ முட்டி போடுறா? அது ராணிக்குப் பண்ற மரியாதை."

"அவளுக்கு முட்டியில வாதம், துரை. நிக்க முடியாம விழுறா."

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. கீழே வந்தால் என்னிடம் கொட்டித் தீர்ப்பாள். அறைக்குள் ஊமை.

ஜனவரியில் எஜமானியம்மாவுக்கு முடியாமல் போயிற்று. நான் வெந்நீரோடு படியேறினேன். கிரிம்வுட் வாசற்படியில் நின்றிருந்தான். உள்ளே மெல்லிய குரல்: "மென்சியா, ஒரே ஒரு தடவை கூப்பிடுடி."

மென்சியா கிரிம்வுட்டைப் பார்த்தாள். "என் ராணியம்மா!" என்று கத்தினாள்.

அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினான். படியெல்லாம் தரதரவென்று இழுத்துப்போய்க் கோட்டைக்கு வெளியே தள்ளினான். மதியம் எஜமானியம்மா போய்விட்டார். கையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சொந்த ஆள் ஒருவரும் இல்லை.

சால்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதிலோரம் பனியில் அப்படியே நின்றிருந்தாள்.

"நான் பேசாம இருந்திருந்தா கூடவே இருந்திருப்பேன்ல?" என்றாள். "அவங்களுக்குக் கேட்டுச்சா, ஆவிஸ்?"

"கேட்டுச்சுடி. சிரிச்சாங்க."

சாத்திய கதவுக்கு வெளியே நின்றவள் நான். என்னத்தைக் கண்டேன்?