கழுத்து நிற்கும் வரை

திரும்பி வருவதற்கு எனக்கு யாரும் இல்லை என்று ஓர் அலுவலகம் எனக்கே எழுதியது. எழுதியவர் யாரென்று தெரியாது. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண் இருந்தது. விண்ணப்பதாரர் மணமாகாதவர், பிள்ளைகள் இல்லாதவர், பணி ஓய்வு பெற்றவர், ஆகவே சொந்த நாட்டுக்குத் திரும்பும் கட்டாயம் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை, தங்கும் காலமும் தெளிவாக இல்லை, விசா மறுக்கப்படுகிறது. என் அறுபது ஆண்டுகளை இவ்வளவு சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது.

நான் போக விரும்பியது என் தங்கையின் பிரசவத்துக்கு. அவள் மேற்கே ஒரு சிறிய தீவு நாட்டில் செவிலி. அம்மா இறந்தபோது அவளுக்கு வயது ஆறு. நான் அப்போது ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்த தம்பி, தோல் தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையையும் பார்த்தார்கள். “இந்தக் குழந்தையும் கூட வருமா?” என்று கேட்டார்கள். வரும் என்றேன். அவர்கள் மறுபடி வரவில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் இப்படி வந்து போனபின் எவரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் போட்ட குறி பிழையற்றது.

தங்கை வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, மணமாகி, அந்நாட்டுக்குப் போனாள். இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. முப்பத்தெட்டாம் வயதில் மூன்றாவது கரு ஆறு மாதத்தைத் தாண்டியது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் அவள் விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெண் தாய்வீட்டுக்கு வர இயலாவிட்டால் தாய்வீடு அவளிடம் போகவேண்டும். தாய்வீடு என்பது நான்.

“அக்கா, வந்துடுவ இல்ல?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“வர்றேன்.”

“எத்தினி நாளு இருப்ப?”

“குழந்தைக்குக் கழுத்து நிற்கிற வரைக்கும் இருப்பேன்.”

இங்கே எந்தப் பெண்ணும் சொல்லும் விடை அது. பிறந்த குழந்தையின் தலை தானாக நிமிர்ந்து நிற்க மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆகும். அதுவரை குளிப்பாட்டுவதற்கும் தூக்குவதற்கும் பழகிய கை வேண்டும். பெற்றவளைத் தனியே விடுவதில்லை. நாள்காட்டி பார்த்துச் சொல்லக்கூடிய கணக்கன்று அது.

விண்ணப்பத்தோடு விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் நானே எழுதினேன். அந்த மொழியிலும் எனக்குப் பிழை பொறுக்காது. குழந்தைக்குக் கழுத்து உறுதியாக நிற்கும் வரை தங்கையோடு இருப்பதே என் பயணத்தின் நோக்கம் என்று எழுதினேன். படிவம் திரும்பும் நாளைக் கேட்டது; அவர்கள் அனுமதிக்கும் மூன்று மாதத்தின் இறுதி நாளைக் குறித்தேன். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது ஆண்டுகள் பிறர் வாக்கியங்களைத் திருத்தியவள் நான்.

மறுப்பு வந்ததும் வேலூரில் ஒரு பயண முகவரைப் பார்க்கப் போனேன். கோட்டைக்கு எதிரே மாடியில் சின்ன அறை. கடிதத்தை ஒரே பார்வையில் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

“பிரசவம்னு எவனாவது சொல்வானா மேடம்? சுத்திப் பாக்கப் போறேன்னு போடுங்க. பத்து நாள். உள்ள போய்ட்டா அப்புறம் யாரு கேக்கப்போறா?”

“நானே கேட்பேன்.”

அவருக்கு அது விளங்கவில்லை. “சரி, நெலம் எதுனா இருக்குதா?”

“இல்லை.”

“நாலு ஏக்கர் காட்டிடலாம்.”

“எங்கே?”

“பேப்பர்லதான் மேடம்.”

கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “ரோஷம் ஜாஸ்தியா இருந்தா விசா கம்மிதான் மேடம்” என்றார் பின்னாலிருந்து. எந்த நாட்டுக்குள் நுழைவதற்கும் இல்லாத நிலத்தை உழ நான் ஆயத்தமாக இல்லை. காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூர் வரும்வரை கோப்பை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் தொழிற்சாலையில் செலக்டர். பதனிட்டு வரும் தோல்களை வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தடவித் தரம் பிரிப்பது அவன் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்கிறான்.

“இன்னாக்கா, தள்ளிட்டானாமே?”

“நீயும்தான் நாள் முழுவதும் தள்ளுகிறாய்.”

“நான் தள்ளினா எதுக்குத் தள்ளினேன்னு வட்டம் போட்டுக் காட்டுவேன். உண்ணி கடிச்சிருக்குதா, கத்தி பட்டிருக்குதா, முள்ளு கீறியிருக்குதா, எல்லாத்துக்கும் வட்டம் உண்டு. கொண்டா பாக்கலாம்.”

தாள்களை வாங்கி வடக்குச் சன்னலருகே கொண்டுபோனான். தோல் பார்ப்பவர்கள் வடக்கு வெளிச்சத்தைத்தான் நம்புவார்கள். ஒவ்வொரு தாளாக மேசைமேல் விரித்தான். வரிக்கு வரி கட்டைவிரலை நகர்த்தினான். ஆங்கிலம் அவனுக்கு மெதுவாகத்தான் வரும். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்குக்கட்டியை எடுத்து, என் விளக்கக் கடிதத்தின் நடுவே ஒரு வட்டம் போட்டான்.

“இங்க மூணு மாசம்ங்கற. இங்க கழுத்து நிக்கற வரைக்கும்ங்கற. கழுத்து எப்ப நிக்கும்னு அவனுக்கு இன்னா தெரியும்? இருபது வருஷம்னு நெனைச்சிருப்பான். எனக்கே இன்னும் நிக்கலன்னு என் வீட்டுக்காரி சொல்றா.”

வட்டத்துக்குள் இருந்த என் வாக்கியத்தைப் பார்த்தேன். இலக்கணம் குறையற்றிருந்தது. குறை வாக்கியத்தில் இல்லை; அதை அங்கே எழுதியதில் இருந்தது. ஆம்பூரில் எல்லாரும் அறிந்த ஒன்றை உலகம் முழுதும் அறியும் என்று எண்ணிவிட்டேன்.

“மற்றவை? மணமாகாதவள், பிள்ளை இல்லாதவள்?” என்றேன். “அவற்றுக்கு ஏன் வட்டம் போடவில்லை?”

அவன் சிரிக்கவில்லை. “தோல்ல கழுத்தாண்ட வரி வரியா இருக்கும் பாரு. அது மாட்டுக்குப் பொறந்ததுலருந்து இருக்கறது. அதுக்கு வட்டம் போடமாட்டோம். அதைப் பழுதுன்னு சொல்றவன் செலக்டரே இல்லக்கா.”

அன்று மாலையே மறுபடி விண்ணப்பித்தேன். மணமாகாதவள் என்ற குறியை அதே கட்டத்தில், சற்று அழுத்தமாகவே போட்டேன். இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று விடையளித்து, மறுப்புக் கடிதத்தையும் இணைத்தேன். நான் காணப்போகும் பெண்ணை ஆறு வயது முதல் வளர்த்தவள் நானே என்று எழுதினேன். பழைய கடிதத்தில் இருந்தவற்றில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினேன்: குழந்தைக்குக் கழுத்து நின்றாலும் நிற்காவிட்டாலும் இன்ன நாளில் திரும்புவேன்.

எழுதி முடித்தபின் அதை இருமுறை படித்தேன். தங்கைக்குக் கொடுத்த சொல்லை அந்த வாக்கியத்தில் நான் வெட்டியிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் வாரத்தில் விசா வந்தது. வருத்தம் என்றோ தவறு என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தங்கைக்கு அப்போது எட்டு மாதம் கடந்திருந்தது. பருப்புப்பொடியும் சுக்கும் பழைய வேட்டித் துணிகளுமாகப் பெட்டியைக் கட்டினேன்.

அங்கே விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முன்பு மறுக்கப்பட்டிருக்கிறதே என்றார். ஆம் என்றேன். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்றார். தங்கையின் பிரசவத்துக்கு என்றேன். எப்போது திரும்புவீர்கள் என்றார். தாளைப் பாராமல் நாளையும் மாதத்தையும் சொன்னேன். அந்த நாளை அவரைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன். முத்திரை விழுந்தது.

பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் என் மணிக்கட்டைத் தங்கை பிடித்த பிடியின் தடம் நான்கு நாள் மறையவில்லை. வலி எடுத்தால் எல்லாரும் அம்மாவை அழைப்பார்கள். அவள் அக்கா என்றுதான் அழைத்தாள். அந்தச் சொல்லுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

குளியலறைத் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி நான் குளிப்பாட்டுவதை முதல்நாள் தங்கை கதவருகே நின்று பார்த்தாள்.

“இங்க இப்படிக் குளிப்பாட்டினா திட்டுவாங்கக்கா. நானே பேஷண்டுக்குச் சொல்லிக்குடுக்கறவ.”

“உன்னை இப்படித்தான் குளிப்பாட்டினேன். உனக்கென்ன கெட்டுப்போயிற்று?”

“மூக்கு” என்றாள். இருவரும் சிரித்தோம்.

வாரங்கள் போயின. குழந்தை ஒலி கேட்ட பக்கம் கண்ணைத் திருப்பியது. தோளில் சாய்த்தால் தலையை ஒரு நொடி தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. நான் திரும்பவேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கழுத்து நிற்கவில்லை.

“ஒரு மாசம் கூட இருக்கக் கேக்கலாம்க்கா” என்றாள் தங்கை. “டாக்டர் லெட்டர் நான் வாங்கறேன். சட்டப்படிதான்.”

“வேண்டாம்.”

“கழுத்து நிக்கற வரைக்கும்னு சொன்ன.”

“சொன்னேன். பிறகு அவர்களுக்கு ஒரு நாளை எழுதிக் கொடுத்துவிட்டேன்.”

“எவனோ ஒருத்தன் எழுதினதுக்காக என்னை விட்டுட்டுப் போறியா?”

ஆம் என்பதே அதற்கு விடை. வாய்விட்டுச் சொல்ல என்னால் இயலவில்லை. “நான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அவர்களுடைய மறுப்புக் கடிதம் மெய்யாகிவிடும்” என்றேன். “அதை மெய்யாக்க மாட்டேன்.”

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் அவள் கணவர் தம் இரவுப் பணியைப் பகலுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் பிடரியை எப்படித் தாங்குவது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். முரட்டுக் கை, ஆனால் கவனமான கை. புறப்படும் காலையில் தங்கை குழந்தையை என் தோளில் சாய்த்தாள். அது தலையைத் தூக்கி என் காதருகே ஆடியது. நான் பிடரியைத் தாங்கினேன்.

குறித்த நாளில் ஆம்பூரில் இருந்தேன். மறுநாள் மேசைமேல் தாளை வைத்து அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கத்தைப் படியெடுத்து வைத்தேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

“அவன் கேட்டானா?”

“கேட்கவில்லை. ஐயத்தை எழுத்தில் அனுப்பினார்கள். விடையும் எழுத்தில்தான் போகவேண்டும்.”

“பதில் வராதுக்கா.”

“வேண்டாம்.”

ஒரு வாக்கியத்தை எழுதுவதும் அடிப்பதுமாக அந்தக் கடிதம் பல நாள் மேசையிலேயே கிடந்தது. இரண்டாம் வாரம் ஒரு பிற்பகல் தங்கை கைபேசியில் அழைத்தாள். திரையில் குழந்தை குப்புறக் கிடந்தது. முகம் சிவக்க முக்கி, தலையை நிமிர்த்தி, நிறுத்தியது. விழவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபதைத் தாண்டியும் விழவில்லை.

“நின்னுடுச்சுக்கா” என்றாள். பிறகு, “நீ இல்ல” என்றாள்.

“இல்லை” என்றேன். திரையை அணைக்காமல் இருவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மேசைக்குப் போய், எழுதியவற்றையெல்லாம் அடித்துவிட்டுப் புதிய தாளில் இரண்டு வரி எழுதினேன். தாங்கள் ஐயுற்ற மணமாகாத, பிள்ளையில்லாத, ஓய்வு பெற்ற பெண், சொன்ன நாளில் திரும்பிவிட்டாள். சான்று இத்துடன் உள்ளது. அஞ்சலகம் மூடுவதற்குள் நடந்து போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். குழந்தையின் கழுத்தைப் பற்றி அதில் எழுதவில்லை. அது அவர்களுக்கு உரிய செய்தி அன்று.