இருபத்து நாலு சொல்லும் ரெண்டு ஜெராக்ஸும்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது நாலே பேர். நான், என் வீட்டுக்காரி, என் தங்கச்சி, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவள் புருஷன். ஐந்தாவதாக ஒருத்தர் இருந்திருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேனோ என்னவோ. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை கொண்டுவந்தது பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன சாமான். ரெண்டு பொத்தான், நகம் அளவுக்கு ஒரு திரை. கிரிப்டோவில் அவர் சேர்த்திருந்த காசுக்கு அதுதான் பூட்டு. நாலு லட்சத்து எழுபதாயிரம். ஜெயங்கொண்டம் பக்கம் சுவரோடு நிற்கிற அவர்கள் வீட்டுக்கு மேல்காங்கிரீட் போட வைத்திருந்த காசு.

மனுஷர் எதிலும் அவசரப்படவில்லை. டப்பாவை அதைச் செய்கிற கம்பெனியிடமே நேராக வாங்கியிருந்தார். பின் நம்பர் போடும்போது எங்களைத் திரும்பி உட்காரச் சொன்னார். திரையில் ஒவ்வொன்றாக இருபத்து நாலு இங்கிலீஷ் சொல் வந்தது. அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டார். முதலில் ஐநூறு ரூபாய்க்கு மட்டும் அதற்கு அனுப்பிப் பார்த்தார். பிறகு சாமானில் இருந்ததை மொத்தமாக அழித்தார்.

"ஐயையோ, காசு போச்சே!" என்றாள் என் வீட்டுக்காரி.

அட்டையைப் பார்த்து அதே சொற்களை அதே வரிசையில் போட்டார். ஐநூறும் திரும்ப வந்து நின்றது. அப்புறம்தான் மீதிக் காசு மொத்தத்தையும் அதற்கு அனுப்பினார்.

"பாத்தீங்களா மச்சான்? மெஷின் தொலைஞ்சா கவலையில்ல. இந்த அட்டைதான் காசு. போட்டோ எடுக்கக் கூடாது, போன்ல கம்ப்யூட்டர்ல ஏத்தக் கூடாது, ஒருத்தருக்கும் காட்டக் கூடாது."

தங்கச்சி இருப்பது ஒழுகுகிற வாடகை வீடு. அதனால் அட்டை என் பொறுப்பு.

"அண்ணன்கிட்டயா குடுக்கறீங்க? கேஸை மூடுனோமான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற ஆளு."

"அதனாலதான் குடுக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தோம். ஏழாவதோடு நின்றவன், பஞ்சர் ஒட்டுகிறவன், என்னை நம்பி இவ்வளவா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் பிளேன் ஏறியதும் கவலை பிடித்துக்கொண்டது. கரையான் அரித்தால்? பேனா மை மங்கினால்? எங்கள் பக்கம் பட்டாவோ ரேஷன் கார்டோ சாதிச் சான்றோ, எது கைக்கு வந்தாலும் முதல் வேலை ரெண்டு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன். பத்திரம் என்றால் அதுதான் என்று பழகிவிட்டோம். போட்டோதானே கூடாது என்றார், ஜெராக்ஸைச் சொல்லவில்லையே என்று மனசு சமாதானம் சொன்னது. எங்கள் அரியலூரில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுமென்று பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். அவ்வளவு ஜாக்கிரதை!

கடையில் ஒரே கூட்டம். "மெஷின் மக்கர் பண்ணுதுண்ணே, போன்ல எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தரேன்" என்ற கடைக்காரர், நான் வாயைத் திறப்பதற்குள் எடுத்தும்விட்டார். வேண்டாம் என்று தடுக்கத்தான் நினைத்தேன். ஏன் என்று கேட்டால் இத்தனை பேர் நடுவில் என்ன சொல்வேன்?

"என்னண்ணே, இந்த வயசுல இங்கிலீஷ் படிக்கறீங்களா?"

"பொண்ணுக்கு" என்று பொய் சொன்னேன்.

கம்ப்யூட்டர் திரையில் இருபத்து நாலு சொல்லும் போஸ்டர் மாதிரிப் பெரிசாகத் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழித்துவிடுங்கள் என்று கேட்கக் கூசியது. காசைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போதே செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். அட்டை மட்டும் இருந்தால் போதும், காசு வந்து நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளைக்குப் போன் போடுவேன். "சொல்லுங்க மச்சான்" என்பார். "ஒண்ணுமில்ல மாப்ள, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். தினமும் இதே கதைதான்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "மச்சான், எல்லாம் போயிடுச்சு. ஒத்த ரூபா இல்ல." குரல் உடைந்திருந்தது. "ரூம்ல கூட இருக்கறவன் மேலதான் சந்தேகமா இருக்கு."

"இருக்கும் மாப்ள" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தனை என் வாயாலேயே திருடனாக்கினேன்.

என் வீட்டுக்காரி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து லேமினேஷன் போட்ட அட்டையையும் ரெண்டு ஜெராக்ஸையும் என் முன்னால் வைத்தாள். "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். போனை வைக்காமல், பெரம்பலூர்க் கடையில் நடந்தது எல்லாவற்றையும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை மச்சான். புதுசா வேற சொல் எடுத்து, காசை அதுக்கு மாத்தியிருப்பேன். ஜெராக்ஸ் எடுத்தது தெரியாம செஞ்சது, அதை விடுங்க. தினமும் போன் போட்டு சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்களே."

ரூம்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர்தானா, திரையைப் பார்த்த வேறு யாராவதா, தெரியவில்லை. எடுத்தது யாராக இருந்தாலும் திறந்து காட்டியது நான்.

தங்கச்சி திட்டவில்லை. "விடுண்ணே" என்றாள். அதற்குப் பிறகு ஜெயங்கொண்டம் பக்கம் பஸ்ஸில் போனால் மேல்காங்கிரீட் இல்லாத அந்தச் சுவர் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

வண்டியை விற்று, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, எழுபத்தைந்தாயிரம் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள், கையில் திணித்துவிட்டு வந்தேன். இன்னும் தர வேண்டியது மூன்று லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய்.