சித்தப்பா வரைந்த வாத்து

கண்ணுகளா, போனில் ஏதாவது வந்தால் சித்தப்பா அதைத் தொடாமல் உங்களிடம் நீட்டுகிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீதியில் முதன்முதலில் கம்ப்யூட்டரில் எம்ப்ராய்டரி டிசைன் போட்டவரே என் தம்பிதான். உங்கள் அம்மா போன பிறகுதான் இதை என்னால் எழுத முடிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். குழந்தைகள் பனியனில் பூவும் பொம்மையும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. சித்தப்பா திரையில் ஒவ்வொரு தையலாக வைத்து ஒரு வாத்து போட்டார். மூத்தவள் அப்போது கைக்குழந்தை. குளிப்பாட்டக் கூப்பிட்டால் கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்புவாள். அதே திருப்பல் அந்த வாத்துக்கும் இருந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அது பிடித்துப்போய், அந்த மாதிரியே ஒரு வரிசை கேட்டார். அவ்வளவும் அந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது.

கம்ப்யூட்டரைக் கெடுக்கும் வைரஸ் அன்றைக்கு பிளாப்பியில் ஏறித்தான் ஊர் சுற்றும். பிளாப்பி என்பது டிசைனைப் பதிந்து உறையில் போட்டு வைக்கும் சதுரமான கறுப்புத் தகடு. வெளியார் பிளாப்பியை நம் கம்ப்யூட்டரில் போடக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். எல்லா டிசைனுக்கும் நகல் எடுத்து, அந்த பிளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். "மிஷின் போனா வாங்கிக்கலாங்க அண்ணி. இந்த டப்பாதானுங்க நம்ம சொத்து" என்று உங்கள் அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்.

ஊசி, நூல், பெல்ட் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி கைமாறுகிற ஊர் இது. அங்கே பிளாப்பியை மட்டும் வாங்க மாட்டேன் என்றால் விடுவார்களா? "அவிங்க கம்ப்யூட்டரு ஆச்சாரமானதுங்கோ, வெளியாளு கை படக் கூடாதாமா" என்று டீக்கடையில் கேலி. சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்.

ஆயுத பூஜை முடிந்து மறுபடி வேலை தொடங்கிய அன்று பக்கத்து யூனிட் பாய் பிளாப்பியோடு வந்தார்.

"தம்பி, பையர் வந்து உக்காந்திருக்காருங்க. எங்க கம்ப்யூட்டரு மூச்சே விடமாட்டேங்குது. ஒரே ஒருவாட்டி இதைத் தொறந்து காட்டுங்க."

போன சீசனில் எங்கள் மிஷின் மோட்டார் எரிந்தபோது, தன் மிஷினை நிறுத்தி மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாமல், சித்தப்பா அந்த பிளாப்பியை வாங்கி எங்கள் கம்ப்யூட்டரில் போட்டார்.

மறுநாள் காலை திரை கறுப்பாகவே நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் பார்த்துவிட்டு, "வைரஸ் பூந்துருச்சுங்க. உள்ள ஒண்ணுமே இல்லை" என்றார்.

"காய்ச்சலுக்கு வர்ற அதுங்களா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"நகல் இருக்குதுங்கண்ணா" என்று சித்தப்பா தைரியமாகத்தான் உள்ளே போனார். வெகு நேரமாகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வேஸ்ட் பனியன் துணியால் ஒவ்வொரு பிளாப்பியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியெல்லாம் மஞ்சள். உள்ளே இருக்கும் தகடு வெளியே தெரிகிற அந்த நீள இடுக்கில், ஒன்று விடாமல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இட்டிருந்தது. காய்ந்து பொருக்காகியிருந்தது. துடைக்கத் துடைக்கத் தகடு கீறிக்கொண்டே வந்தது. கீறிய தகட்டைக் கம்ப்யூட்டர் படிக்காது.

உங்கள் அம்மா நிலைப்படிக்கு வந்து நின்றாள். "டப்பாவுல இருக்குதுங்களா, தம்பி?"

சித்தப்பா துணியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். "அதுலயும் அந்த வைரஸே ஏறியிருக்குதுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன்.

"பூஜையன்னிக்கு மிஷினுக்குக்கூட அப்புறந்தான் வெச்சேன். உங்க டப்பாவுக்குத்தானே மொதப் பொட்டு வெச்சேன். சாமி இப்படிப் பண்ணிருச்சே" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சாம்பிள் துணியை வைத்துக்கொண்டு சித்தப்பா அந்த வாத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். வாத்து வந்தது, அந்தக் கழுத்துத் திருப்பல் வரவில்லை. பையர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மிஷினை விற்றோம். சித்தப்பா பக்கத்து ஊரான மங்கலத்தில் விசைத்தறி ஓட்டப் போனார். பிறகு கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. பாய் எங்கள் வாசலில் வந்து நின்று கண் கலங்கினார். சித்தப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கோ மனசு ஆறவில்லை. அவர்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணியை அதற்குப் பிறகு அவள் கையால் வாங்கவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லிவிடத் தோன்றும். அவள் தாங்குவாளா என்று விழுங்கிக்கொள்வேன்.

அம்மாவின் காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருக்கையில் சித்தப்பா என் அருகில் வந்தார்.

"அண்ணிக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுங்களேண்ணா?"

"தெரியாதுப்பா."

தலையை ஆட்டினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மங்கலம் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.