சிபானா டீச்சர் பாதியில் மூடிய கதை

சிறுவர் இலக்கியம் படிக்கப் போவதாகச் சிபானா சொன்னபோது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சனி, ஞாயிறுகளில் புத்தளத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் படிப்பதென்றால் கணிதம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் கதையில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நுரைச்சோலைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிறிய பாடசாலையில், மூன்றாம் தர வகுப்புப் பிள்ளைகள் அவள் கதை வாசிக்கும் நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் போனாள்.

கணவன் ரிஃபாஸுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. வார இறுதிச் சமையலை அவன் பொறுப்பெடுத்தான். முதல் மாதம் முழுக்க வீட்டில் கடையில் வாங்கிய பாணும் பருப்பும்தான்.

படிக்கப் படிக்கச் சிபானாவுக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைகளுக்கென்று எழுதிய கதைகளில் பாதி, பிள்ளைகளோடு பேசவே இல்லை. பெரியவர்கள் தங்கள் புத்திமதியை ஆட்டுக்கும் முயலுக்கும் உடுத்திவிட்டிருந்தார்கள். கடைசி வரியில் என்ன வரும் என்று பிள்ளைகளுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருந்தது.

அந்த நாட்களில்தான் வகுப்பில் வாசிக்க ஆமைக் குஞ்சின் கதை வந்தது. உம்மா ஆமையின் பேச்சைக் கேட்காமல் கரைக்குப் போன ஒரு குஞ்சு வலையில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டாள், வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. குஞ்சு பொரிப்பதே கரையில்தானே, உம்மா ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுமே, பிறகு யாருடைய பேச்சைக் கேட்பது என்று ஆளுக்காள் கேட்டார்கள். கடற்கரைப் பிள்ளைகள், பாதிப்பேர் கண்ணால் கண்டவர்கள்.

சிபானா புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"அப்ப இந்தக் கதை எப்படிப் போகணும்? நீங்க சொல்லுங்க."

வகுப்பு இரைந்த இரைச்சலில் பாடசாலை அதிபர் றவூப் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். கண்டிப்பான மனிதர். வாசலில் நின்றபடி, இந்தக் கதையின் படிப்பினை என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டார். எல்லோரும் அடங்கிப் போனார்கள். கடைசி வரிசையில் ஹவ்வா மட்டும் எழுந்து நின்றாள். அவளுடைய உம்மா பஸீஹா குவைத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம்; உம்மாவின் தங்கை, சாச்சியோடுதான் இருக்கிறாள். வகுப்பில் வாய் திறப்பது அபூர்வம்.

"படிப்பினை இல்ல சேர். கதைதான் இருக்கு," என்றாள். "உம்மா ஆமைக்குக் குஞ்சுகள் எங்க இருக்கெண்டு தெரியும். கடல் பெரிசு. அதான் வரச் சுணங்குது."

றவூப் திரும்பி அலுவலகத்துக்கு நடந்தார். சிபானா பயந்துதான் போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அலுவலகத்தில் இருந்த கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி அவளுடைய வகுப்பில் நின்றது. கதைப் புத்தகங்களை இதில் வையுங்கள், பூட்ட வேண்டாம் என்று அதிபர் சொல்லியனுப்பியிருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு கதை பாதியில் மூடப்பட்டது. மிச்சத்தைப் பிள்ளைகள் சொன்னார்கள், எழுதினார்கள், படம் கீறினார்கள். ஹவ்வா தன் கதையை வாசித்ததைச் சாச்சி போனில் பதிந்து குவைத்துக்கு அனுப்பினாள். பஸீஹாவின் குரல் பதிவு சிபானாவுக்கு வந்தது. தன்னோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகவும், மகள் இவ்வளவு கதைப்பாள் என்று தனக்கே தெரியாது என்றும் அதில் சொல்லியிருந்தாள். சிபானா அதை ரிஃபாஸுக்கும் போட்டுக் காட்டினாள்.

படிப்பின் கடைசியில் இந்த வகுப்பையே ஆய்வாக எழுதிக்கொண்டு புத்தளத்துக்குப் போனாள். பிள்ளைகள் கதையில் பிழை பிடித்தால் வகுப்பில் ஆசிரியருக்கு என்ன மதிப்பு என்று விரிவுரையாளர் ஒருவர் மடக்கினார்.

"கதையக் கேட்டாத்தானே சேர் பிழை பிடிக்கலாம்," என்றாள் சிபானா. "முந்தி அவங்க கேக்கவே இல்ல."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கேள்வி கேட்டவரும் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். அந்த ஆண்டின் சிறந்த ஆய்வு அவளுடையது என்று அறிவித்தார்கள்.

போன பாடசாலைத் தவணையில் சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் அவளுடைய பாடத்தைப் பார்க்க வந்தார்கள். கற்பிட்டியிலிருந்து வந்தார்கள், உடப்பிலிருந்தும் வந்தார்கள். இடம் போதாமல் சிலர் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்கள். அறிமுகம் செய்யும்படி றவூபை யாரும் கேட்கவில்லை. அவராகவே முன்னால் வந்து நின்றார்.

"இவங்க எங்கட டீச்சர்," என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர், அது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பின்வரிசைக்குப் போய் அமர்ந்துகொண்டார். சிபானா முந்தானையைச் சரிசெய்துகொண்டு புதிய புத்தகம் ஒன்றைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை.