பத்தியம் தந்த பொய் தைரியம்

மூன்று வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த கையோடு நடந்தது இது. திண்டுக்கல் நாகல் நகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் ப்ளஸ் ஒன். அவள் வகுப்பை ஏன் சொல்கிறேன் என்றால், என் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது நானும் ப்ளஸ் ஒன்தான்.

அந்த வருடம் தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்தேன். மதியம் ஒரு வேளைச் சோறு, மற்றபடி தண்ணீரும் கடுங்காப்பியும்தான். கோயிலில் எல்லோரும் என் பக்தியை மெச்சினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாதி சாமிக்கு, பாதி சேலைக்கு. ஈஸ்டர் முடிந்த வாரம் நாத்தனார் மகள் கல்யாணம். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிற எனக்கு என் ஜாக்கெட்டுக்கே கொக்கி போட முடியவில்லை. தவக்காலம் முடிவதற்குள் பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டது. எல்லா ஜாக்கெட்டையும் பிடித்துத் தைத்தேன். பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டர் அன்று மதியம் ஆட்டுக்கறி பிரியாணி. இத்தனை நாள் பசியையும் ஒரே இலையில் தீர்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடித்தது. முதுகுக்குப் போய், வலது தோள்பட்டைக்கு ஏறி, மூச்சே விட முடியவில்லை. சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து வலி தானாகவே விட்டது. வாய்வுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கல்யாண விருந்துக்குப் பிறகும் அதே வலி. போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, மண்டபத்து அறையில் போய்ச் சுருண்டு கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர்தான் கவனித்தார். "ஏம்மா, கண்ணு மஞ்சளா இருக்கு. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அம்மாவுக்கும் இப்படித்தான் முதலில் வலி, பிறகு கண். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுப்பார்கள், எடுத்தால் பெரிய வியாதி என்று சொல்லிவிடுவார்கள். "வேணாங்க. காமாலைக்குப் பச்சிலைதான்" என்று ஒரே பிடியாக நின்றேன்.

வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் காமாலைக்கு வெறும் வயிற்றில் பச்சிலை மருந்து கொடுப்பார்கள். நாலு நாளைக்கு ஒரு தடவையாக மூன்று முறை குடிக்க வேண்டும். அம்மாவையும் அங்கேதான் கூட்டிப் போனார்கள். பிறகு எந்தத் தைரியத்தில் நீ போனாய் என்று கேட்பீர்கள். அம்மா சாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தார்கள்: பத்தியத்தில் இருக்கும்போது மீன் குழம்பைத் தொட்டுவிட்டாள், அதனால்தான் போய்விட்டாள் என்று. நான் தொட மாட்டேன் என்பதுதான் என் தைரியம். எண்ணெய், கறி, உப்பு எதுவும் கிடையாது. மூன்று வேளையும் மோர்ச்சோறும் இட்லியும்தான்.

வலி நின்றே போனது! "பாத்தீங்களா?" என்று கணவரிடம் வாய் கிழியப் பேசினேன். ஆனால் கண் தெளியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் மகளுக்கு ஜடை பின்னும்போது, இன்னும் எத்தனை நாள் பின்னப்போகிறோமோ என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

மூன்றாவது மருந்துக்குத் தனியாகத்தான் போனேன். குடித்துவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் ஏறி உட்கார்ந்ததும் குளிர ஆரம்பித்தது. வெளியே சித்திரை வெயில். எனக்கோ பல் தந்தியடித்தது. இதோ வந்துவிட்டது, வீட்டுக்குக்கூடப் போய்ச் சேர மாட்டோம் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டில் மல்லிகைப்பூக் கூடையோடு ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும்.

"ஏம்மா, இந்த வெயில்ல இம்புட்டு நடுங்குற?"

காமாலை, மருந்து குடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"கண்ணு மஞ்சளாகுறதுக்கு முந்தி வயிறு வலிச்சுச்சா? கறி கிறி தின்னா, வலது பக்கமா?"

தலையாட்டினேன்.

"வெளிக்குப் போறது சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போகுதா?"

பஸ்ஸில் நாலு பேர் காதில் விழ இதைக் கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் உண்மை அதுதான். பத்து நாளாக அப்படித்தான் போனது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சேலையைச் சற்று விலக்கி, வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைக் காட்டினார்.

"பித்தப்பையில கல்லு. ஒண்ணு நழுவி வந்து குழாய அடச்சிருச்சு. காய்ச்சலும் நடுக்கமும் வந்துட்டா செத்த நேரங்கூட வீட்ல இருக்கக் கூடாதுன்னு எனக்குச் சொன்னாக. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

"பயமா இருக்குக்கா."

"பயமாருக்கவதான் போகணும். நானும் வாரேன்."

செம்பட்டியில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. திண்டுக்கல்லில் ஆட்டோ பிடித்து, என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, என் போனிலிருந்தே என் கணவரிடமும் பேசினார். கணவர் வந்து சேர்ந்ததும் அந்த அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதிப் பூ வாடியிருந்தது. நான் பேர்கூடக் கேட்கவில்லை.

ஸ்கேனில் பித்தக்குழாயில் கல் தெரிந்தது. சீழ் பிடித்துவிட்டது, இன்னொரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அன்றைக்கே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பிறகு பித்தப்பையையும் எடுத்தார்கள்.

தேறியதும் டாக்டரம்மாவிடம் எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். "இது அபூர்வமான வியாதியில்லம்மா. எத்தனையோ பேருக்குக் கல்லு இருக்கும், அவங்களுக்கே தெரியாது. பெண்களுக்கு அதிகம். நாப்பது தாண்டி, பிள்ளை பெத்து, உடம்பும் போட்டிருந்தா இன்னும் கூடும். சர்க்கரை இருந்தாலும் வரும். சமீபத்துல சட்டுனு எடை குறைச்சீங்களா?"

ஒருசந்திக் கதையைச் சொன்னேன், சேலைக் கதையையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால் பித்தம் கெட்டிப்பட்டுக் கல் கட்டுமாம். எண்ணெயும் கறியும் உள்ளே போனால்தான் பித்தப்பை இறுகிச் சுருங்கி வலிக்குமாம். பத்தியத்தில் அவை இல்லாததால் வலி அடங்கியிருந்தது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வலி போன சந்தோஷத்தில் நான் சாவை மடியில் வைத்துத் தாலாட்டியிருக்கிறேன்.

"எங்கம்மாவுக்கும் இதுதானா டாக்டர்?"

"இப்ப எப்படிச் சொல்ல முடியும்? குடும்பத்துல இருந்தா வர வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்."

இன்றும் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து டயட் என்றால் அதைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்திவைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்களிடம், சாப்பிட்ட பிறகு வலது பக்கம் வலிக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என் அம்மாவும் அதே ரோட்டில், அதே மருந்தைக் குடித்துவிட்டு, பஸ்ஸில் நடுங்கிக்கொண்டே வந்திருப்பார். அவருக்குப் பக்கத்து சீட்டில் இப்படி ஒரு அக்கா வாய்க்கவில்லை, அதற்கு நாங்கள் இத்தனை வருடமாக ஒரு வாய் மீன் குழம்பின் மேல் பழியைப் போட்டிருக்கிறோம்.