மீசை வழியாக வந்த கடல்

பிரியமான சபையாரே, மலையில் வேலை பார்க்கிற நான் கடலுக்கு அடியில் கர்த்தரிடம் கதறிய கதையைச் சொல்லத்தான் நிற்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். என் மனைவி ஸ்டெல்லா ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கரியாலூரில் நான் வனக்காவலர். மன்னார் வளைகுடாவில், மீன் பிடிக்கத் தடையுள்ள பகுதியில், பவளப்பாறைகளைக் கண்காணிக்க ஆள் வேண்டும், நீச்சல் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள் என்று எங்கள் துறையில் கேட்டார்கள். அருவிக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நீந்தியவன் நான். முதல் ஆளாகக் கொடுத்தேன். பங்குனியில் கிளம்பும்போதே இங்கே சாட்சி சொல்லி, உங்களுக்கெல்லாம் கேசரியும் கொடுத்துவிட்டுப் போனேன். இனி தோற்றுத் திரும்ப முடியாது.

முதுகில் காற்று உருளை, கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடி. பத்து நிமிடம் கடலடியில் இருந்தால் தேர்ச்சி. இரண்டாவது நிமிடமே முகமூடிக்குள் தண்ணீர் வந்தது. செத்தேன் என்று நினைத்து உதைத்துக்கொண்டு மேலே வந்தேன். மறுநாளும் அதே கதை.

பயிற்சி கொடுத்த மரியா அந்தக் கரையில் பிறந்த பெண். "அண்ணே, மீசைய எடுத்துருங்க. முடி இருந்தா முகமூடி ஒட்டாது, சந்துல தண்ணி வரும்" என்றாள்.

என் மீசை உங்களுக்குத் தெரியும். கல்யாண ஃபோட்டோவில் என்னைவிட அதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது. "ஜெபத்தால ஆகாதது இன்னாம்மா இருக்குது" என்று சொல்லிவிட்டேன். உபவாசம் இருந்தேன். "மோசேக்குக் கடலையே பிளந்தீர், எனக்கு ஒரு முகமூடியை அடைத்துத் தாரும்" என்று கெஞ்சினேன். விசுவாசத்துக்குத் துணையாக மீசையில் தேங்காய் எண்ணெயும் தடவினேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. மூக்கெல்லாம் உப்பு. மரியாதான் பிடித்து மேலே கொண்டுவந்தாள். "நாளைக்குத்தான் கடைசி, அண்ணே" என்றாள்.

சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, மரியா மீசையை எடுக்கச் சொன்னதையும் சொல்லி அழுதேன். "ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கறேன். பதிலே காணோம்."

"அந்தப் பொண்ணு சொல்லிக்கினே இருக்குதே, அது யாரு குடுத்த பதிலுன்னு நெனச்சிக்கினு இருக்கறீங்க?" என்றாள்.

போனை வைத்தேன். அப்போதே சவரக்கத்தியை எடுத்தேன்.

நான்காம் நாள் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அன்றுதான் கடலடியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்தது, அந்தச் சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவையும் யாரும் பார்க்காத இடத்தில் படைத்து வைத்திருக்கிறாரே என்று அழுதேன். அன்றைக்கு முகமூடிக்குள் இருந்த தண்ணீர் என் கண்ணீர் மட்டும்தான். பத்து நிமிடம் முடிந்தும் நான் ஏறவில்லை. மரியா இழுத்து வரவேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் மூன்று வயது மகள் யாரோ என்று கத்திக்கொண்டு ஓடினாள். பரவாயில்லை. இப்போதெல்லாம் ஸ்டெல்லா ஒன்று சொன்னால் முதல் தடவையிலேயே கேட்கிறேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

நீங்களும் கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். நிச்சயம் பதில் தருவார். ஆனால் அது யார் வாயிலிருந்து வரவேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நான் முடிவு செய்துதான் மூன்று நாள் உப்புத் தண்ணீர் குடித்தேன்.