மாமாவின் கேசட்டும் என் இங்கிலீசுப் பாட்டும்

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதாவது, அப்படி நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. நான் வாயைத் திறந்தாலே டவுன் பிள்ளைகள் "தோட்டத்துப் பேச்சு" என்று சிரிப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க இங்கிலீசை விட்டால் வேறு வழியில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த மாமா, தீபாவளிக்கு இரண்டு மாத லீவில் வந்தார். கையில் கேசட் பெட்டி. உள்ளே, நியூயார்க்கிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் கொடுத்த கேசட். மேளச் சத்தத்தோடு ஒருவன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே பாடினான். அப்பா உடனே தப்பு மேளத்தைத் தணலில் காய்ச்சி எடுத்து வந்து கூடவே அடித்தார். தாளம் அப்படியே பொருந்தியது. அந்த ஒரு மாலைக்காக இப்போது ஏங்குகிறேன். அன்றைக்கோ எனக்கு மானம் போனது. அமெரிக்கப் பாட்டுக்கு யாராவது தப்பு அடிப்பார்களா?

வருடக் கடைசிப் பள்ளி விழாவில் "ஆங்கிலப் பாடல்" என்று பெயர் கொடுத்து, அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தேன். அம்மா அன்று அரைநாள் கூலியான அரைப்பேர் போதுமென்று கொழுந்துக் கூடையை மதியமே இறக்கிவிட்டு, பஸ் பிடித்து வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் கையை ஆட்டி ஆட்டி ஒப்பித்து முடித்தேன். ஆங்கில டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார், "இது இங்கிலீஷ் இல்லையே, மகள்."

மண்டபமே சிரித்தது. டீச்சர் பாவம் பார்த்து, "வீட்டில பாடுற பாட்டு ஏதாவது பாடுங்களேன்" என்றார். அம்மா கொழுந்து எடுக்கும்போது பாடும் பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். "ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் மேல் பாய்ந்தேன்.

"நான் எப்ப இங்கிலீசுன்னு சொன்னேன்? அது ஸ்பானிஷ். அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போன சனம். அங்க எல்லாமே இங்கிலீசுதான். இந்தப் பாட்டு மட்டும் அவங்க பாஷையில."

"இங்கிலீசு தெரிஞ்சும் ஏன் மாமா அப்படிப் பாடுறாங்க?"

"அவங்கம்மாவுக்கு வெளங்கணும்ல?"

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வெளியே அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னமாப் பாடுனா தெரியுமா! எனக்குத்தான் ஒரு சொல்லும் வெளங்கல."

அம்மாவாவது பெருமைப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சோறு தின்னப் போனேன்.